கம்பெனி போய்விடும், விமானம் பறந்துகொண்டிருக்கும்: சின்ன விமானக் கம்பெனிகள் பற்றிக் கேள்வி பதில்

வணக்கம். நான் ஓய்வுபெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர். 34 வருடம் ஹேங்கரில் கழிந்தது, பெரும்பாலும் இரட்டை பிஸ்டன் இன்ஜின் வைத்த சின்ன விமானங்களோடு. போயிங், ஏர்பஸ் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இன்று மாலை யாரும் அதிகம் பேசாத கம்பெனிகளைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஹெலிகாப்டர் எனக்குத் தெரியாது. வேலைவாய்ப்பு ஆலோசனையும் என் துறை இல்லை.

காற்றாடி: சார், சின்னக் கம்பெனி விமானங்களில் உங்களுக்குப் பிடித்தது எது? ஏன்?

ஐலாண்டர். யோசிக்கவே வேண்டாம். இங்கிலாந்துக்குத் தெற்கே வைட் தீவில் பெம்பிரிட்ஜ் என்ற ஊர். அங்கே ஜான் பிரிட்டன், டெஸ்மண்ட் நார்மன் என்று இரண்டு இளைஞர்கள் 1954ல் தொடங்கியது பிரிட்டன்-நார்மன் கம்பெனி. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத் தொழிலில் கைக்காசு பார்த்தார்கள். ஆப்பிரிக்காவில் கேமரூனில் ஓடிய ஒரு சின்ன விமான சேவையில் அவர்களுக்குப் பங்கு இருந்தது. மண் ஓடுபாதை, அதிகம் படித்த மெக்கானிக் கிடையாது, பத்து பேரை ஏற்ற வேண்டும், விலையும் குறைவாக இருக்க வேண்டும். சந்தையில் தேடினால் அப்படி ஒன்று இல்லை. சரி, நாமே செய்வோம் என்று செய்ததுதான் ஐலாண்டர். முதல் பறத்தல் 1965 ஜூன் 13.

உள்ளே நடைபாதையே கிடையாது. காரில் ஏறுவதுபோல் பக்கக் கதவைத் திறந்து நேராக உங்கள் இருக்கையில் உட்கார வேண்டும். நடைபாதை இல்லாததால் உடல் ஒடுக்கமாகிறது, ஒடுங்கினால் எடை குறைகிறது, அதனால் 260 குதிரைத்திறன் இன்ஜின் இரண்டே போதுமாகிறது. சக்கரம் உள்ளே மடங்காது. மடங்காத சக்கரத்தில் மடக்கும் கருவி கெட்டுப்போக வழியில்லை அல்லவா? நானூறு மீட்டர் மண்தரை கிடைத்தால் எழும்பிவிடும். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரே என்ற தீவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு 2.7 கிலோமீட்டர்தான். உலகத்திலேயே குறுகிய தினசரி விமானப் பயணம் அது, அட்டவணையில் இரண்டு நிமிடம். அதில் பறப்பது இந்த ஐலாண்டர்தான். நம் கடற்படையும் 1976லிருந்து பல வருடம் கொச்சியில் வைத்திருந்தது.

இப்போது கம்பெனியின் கதையைப் பாருங்கள். ஆர்டர் குவிந்த நேரத்தில் கையில் பணம் இல்லாமல் 1971ல் கடன்காரர்கள் கைக்குப் போனது. 1972ல் ஃபேரி என்ற பிரிட்டிஷ் கம்பெனி வாங்கி உற்பத்தியைப் பெல்ஜியத்துக்குக் கொண்டு போனது. 1977ல் ஃபேரியே விழுந்தது. பிறகு சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் வாங்கியது. இதற்கு நடுவே 1969லிருந்தே ருமேனியாவில், அன்றைய கம்யூனிஸ்ட் நாட்டில், ஐலாண்டர் உடல்கள் தயாராகி இங்கிலாந்துக்குப் பறந்து வந்துகொண்டிருந்தன. முதலாளி மாறிக்கொண்டே இருந்தார், விமானம் 1,200க்கு மேல் உருவானது. என் அனுபவத்தில் முக்கியமான பாடம் இது: கம்பெனி சாவது வேறு, விமானம் சாவது வேறு. ஒரு விமானத்தைப் பற்றிக் கேட்கும்போது கம்பெனி உயிரோடு இருக்கிறதா என்று கேட்காதீர்கள், அதன் டைப் சர்டிபிகேட் யார் கையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்த வடிவமைப்பு பறக்கத் தகுதியானது என்று அரசு தரும் சான்றிதழ் அது. அதை வைத்திருப்பவர்தான் உதிரிபாகத்துக்கும் எச்சரிக்கை அறிவிப்புகளுக்கும் பொறுப்பு.

ஓசூர்வாசி: எங்கள் ஊரில் விமானம் தயாரித்தார்கள் என்று அப்பா சொல்வார். கதையா நிஜமா?

நிஜம். அப்பாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேளகொண்டப்பள்ளியில் இருக்கும் தனேஜா ஏரோஸ்பேஸ், 1994ல் தொடங்கியது. இந்தியாவில் தனியார் துறையில் முழு விமானம் தயாரித்த முதல் தொழிற்சாலை அதுதான். சொந்த ஓடுபாதையே உண்டு. அவர்கள் தயாரித்தது பி-68 என்ற ஆறு இருக்கை, இரட்டை இன்ஜின் இத்தாலிய விமானம். அதன் தாய்வீடு நேப்பிள்ஸ் நகரத்தின் பார்த்தெனாவியா. நேப்பிள்ஸுக்குப் பார்த்தெனோப்பே என்று பழைய பெயர் உண்டு, கம்பெனிப் பெயர் அதிலிருந்து வந்தது. லூயிஜி பாஸ்காலே என்ற பேராசிரியரும் அவர் சகோதரர் ஜியோவானியும் உயிர் கொடுத்த கம்பெனி. பி-68 முதலில் பறந்தது 1970ல். மேலே இறக்கை, கீழே மடங்காத சக்கரம், பார்க்க அழகு. மூக்கு முழுக்கக் கண்ணாடி வைத்த அப்சர்வர் என்ற வகையும் உண்டு, ஹெலிகாப்டர் போல் கீழே பார்க்கலாம், செலவு ஹெலிகாப்டரைவிட ரொம்பக் குறைவு.

ஓசூரில் ஏன் நிற்கவில்லை? தொழிலாளர் கைத்திறனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, வாங்க ஆள் இல்லை. இங்கே சொந்தமாகச் சின்ன விமானம் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பிஸ்டன் இன்ஜினுக்கு வேண்டிய ஏவ்கேஸ் பெட்ரோலையே 2022 வரை முழுக்க வெளிநாட்டிலிருந்துதான் இறக்கினோம். அந்தப் பக்கம் பார்த்தெனாவியாவும் 90களில் திவாலாகி, 1998ல் வல்கனேர் என்ற கம்பெனி அதை எடுத்துக்கொண்டது. தனேஜா கொஞ்ச காலம் என்.ஏ.எல். என்ற அரசு ஆய்வகத்தின் ஹன்சா பயிற்சி விமானத்தையும் தயாரித்துவிட்டு, விமானப் பாகங்கள் செய்யும் வேலைக்கு நகர்ந்துவிட்டது. ஆனால் பாஸ்காலே சகோதரர்கள் 1986லேயே தனியாக வந்து டெக்னாம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். இன்று உலகமெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் டெக்னாம் பறக்கிறது.

பைக்பிரியன்: சின்ன விமானம் லிட்டருக்கு எவ்வளவு மைலேஜ் கொடுக்கும்?

யாராவது கேட்பீர்கள் என்று தெரியும். நான்கு இருக்கை செஸ்னா 172 மணிக்கு சுமார் 35 லிட்டர் குடித்து 200 கிலோமீட்டர் போகும். வகுத்துக்கொள்ளுங்கள்.

பிளஸ்டூ மாணவன்: ஐயா, ஏரோநாட்டிகல் படிக்கலாமா?

மேலே முதல் பத்தியின் கடைசி வரி, தம்பி. கணக்கு நன்றாகப் போடு, அது எதற்கும் உதவும்.

சூலூர்க்காரன்: நாட் விமானம் நம்முடையதா பிரிட்டிஷ்காரனுடையதா? ஒரு சின்னக் கம்பெனி எப்படி அப்படி ஒரு போர் விமானத்தைச் செய்தது?

பிறந்தது ஹாம்பிள் என்ற ஊரின் ஃபாலண்ட் கம்பெனியில், வளர்ந்தது பெங்களூரில். ஃபாலண்ட் அதற்கு முன் பெரும்பாலும் மற்ற கம்பெனிகளுக்குப் பாகங்கள் செய்து கொடுத்துக்கொண்டிருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தவர் டெடி பெட்டர். கான்பெரா குண்டுவீச்சு விமானத்தை வடிவமைத்தவர், மூளைக்காரர், கோபக்காரர். போர் விமானங்கள் வருடா வருடம் கனத்து, விலையும் ஏறிக்கொண்டே போகின்றன, இப்படியே போனால் எந்த நாட்டாலும் போதுமான எண்ணிக்கையில் வாங்க முடியாது என்பது அவர் வாதம். அதனால் ஒரு கொசுவைச் செய்தார். நாட் என்றால் கடிக்கிற சிறுபூச்சி. இறக்கை முனைக்கு முனை ஏழு மீட்டர்கூடக் கிடையாது. 1955 ஜூலையில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை போர் விமானமாக வாங்கவில்லை, இரண்டு இருக்கைப் பயிற்சி விமானமாகத்தான் எடுத்தது. நம்பி வாங்கிப் போரில் இறக்கியது நாம்தான். ஒற்றை இருக்கை நாட்டை அதிகம் தயாரித்ததும் நம் அரசு விமானக் கம்பெனியான எச்.ஏ.எல்.தான்.

1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்கு எதிராக எடுத்த பேர் உங்களுக்குத் தெரியும். 1971 டிசம்பர் 14 ஸ்ரீநகரில் நிர்மல்ஜித் சிங் செகோன் தனியாக மேலே போய்ப் போரிட்டு உயிர்விட்டதும் நாட்டில்தான், விமானப்படைக்கு இதுவரை கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. அவர் இருந்த 18வது படைப்பிரிவு 2020ல் தேஜஸ் விமானத்தோடு மறுபடி உயிர்பெற்றது உங்கள் சூலூரில், ஊர்க்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பராமரித்தவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். ஹைட்ராலிக்ஸ் தொல்லை, துப்பாக்கி சிக்கிக்கொள்வது, சின்ன உடம்புக்குள் கை நுழையாமல் திட்டிக்கொண்டே வேலை செய்வது. 1959ல் ஃபாலண்டை ஹாக்கர் சிட்லி என்ற பெரிய கம்பெனி விழுங்கியதும் பெட்டர் ராஜினாமா செய்து, விமானத்தையே மறந்துவிட்டு, சுவிட்சர்லாந்தில் ஒரு மதக் குழுவோடு போய் வாழ்ந்தார்.

மைப்பேனா: விமானக் கம்பெனி பால்பாயின்ட் பேனா செய்தது என்று படித்தேன். உண்மையா?

உண்மை. இங்கிலாந்தில் ரெடிங் நகரத்துக்குப் பக்கத்தில் வுட்லியில் இருந்த மைல்ஸ் கம்பெனி. மை பேனா உயரத்தில் காற்றழுத்தம் குறைந்ததும் கசியும், வரைபடத்தில் குறிக்க வேண்டிய விமானப்படை நேவிகேட்டர் சட்டையெல்லாம் மை. ஹங்கேரியிலிருந்து அர்ஜென்டினா போய்ச் சேர்ந்த லாஸ்லோ பிரோ கண்டுபிடித்த உருளைமுனைப் பேனாவின் உரிமையை ஹென்றி மார்ட்டின் என்பவர் கொண்டுவர, ஃபிரெடெரிக் மைல்ஸும் அவரும் சேர்ந்து தயாரித்தார்கள். அதே மைல்ஸ்தான் 1940ல் எம்.20 என்ற மரப் போர் விமானத்தை 65 நாளில் வரைந்து, செய்து, பறக்கவும் விட்டது. சின்னக் கம்பெனிக்கு இந்தத் துணிச்சல்தான் சொத்து.

ஒலிவேகம்: பேனாவை விடுங்கள் சார். ஒலியைத் தாண்டும் மைல்ஸ் எம்.52 விமானத்தை அமெரிக்கர்கள் திருடி எக்ஸ்-1 செய்தார்கள், அதைச் சொல்லுங்கள்.

இது வரும் என்று பயந்துகொண்டே இருந்தேன். வந்துவிட்டது, சரி.

1943 கடைசியில் பிரிட்டிஷ் அரசு மைல்ஸிடம் ரகசியமாகக் கேட்டது: 36,000 அடியில் மணிக்கு 1,000 மைல். அதுவரை மரத்தில் பயிற்சி விமானம் செய்துகொண்டிருந்த கம்பெனி! துப்பாக்கித் தோட்டா மாதிரி உடல், சவர பிளேடு மாதிரி மெல்லிய இறக்கை. அந்த இறக்கையை மரத்தில் செய்து தங்களுடைய பழைய பால்கன் விமானத்தில் மாட்டிப் பறக்கவிட்டார்கள், அதற்கு ஜில்லெட் பால்கன் என்று பட்டப்பெயர். முக்கியமான சங்கதி வால். ஒலிவேகத்தை நெருங்கும்போது அதிர்வலை போய் எலிவேட்டரின், அதாவது மூக்கை ஏற்றி இறக்க வாலின் பின்பகுதியில் அசையும் பலகையின், கீலில் உட்கார்ந்துகொள்ளும், விமானி ஸ்டிக்கை இழுத்தாலும் அது வேலை செய்யாது. அதனால் வாலின் பின்பகுதியை மட்டும் அசைக்காமல் முழு வாலையே அசைப்பது என்று முடிவெடுத்தார்கள். 1946 பிப்ரவரியில் முதல் விமானம் முடியும் நிலையில் இருந்தபோது அரசு திட்டத்தை ரத்து செய்தது. அடுத்த வருடம் மைல்ஸ் கம்பெனியும் திவால்.

1944ல் அமெரிக்கர்கள் வந்து எல்லாவற்றையும் பார்த்துப் போனார்கள், பதிலுக்குப் பிரிட்டிஷ்காரர்களை அங்கே வந்து பார்க்க விடவில்லை என்பது பிரிட்டிஷ் தரப்பு. இருக்கலாம். ஆனால் எக்ஸ்-1 ராக்கெட் விமானம், பெரிய விமானத்தின் வயிற்றிலிருந்து தொங்கவிட்டு அவிழ்த்துவிட்டது. எம்.52 ஜெட், தரையிலிருந்து தானே கிளம்ப வேண்டியது. அடிப்படையே வேறு.

ஒலிவேகம்: வாலைத்தான் திருடினார்கள் என்கிறேன். எக்ஸ்-1 விமானி யேகருக்கு வால் வேலை செய்யாமல் போனபோது முழு வாலையும் அசைத்துத்தானே தப்பித்தார்?

ஆமாம், பொறியாளர் ஜாக் ரிட்லி சொன்ன யோசனை, 1947 அக்டோபர் 14 ஒலியைத் தாண்டியதும் அப்படித்தான். ஆனால் தம்பி, முழு வாலை அசைப்பது 1915ல் ஃபாக்கர் ஐன்டெக்கரிலேயே உண்டு. பழைய சரக்கைப் புது இடத்தில் வைத்ததுதான் மைல்ஸின் கெட்டிக்காரத்தனம். அதை இன்னொருவர் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தால் திருட்டு என்பீர்களா? போர்க்காலக் கூட்டாளிகள் ஜெட் இன்ஜினையே பகிர்ந்துகொண்டார்கள்.

வரலாற்றுப்பித்தன்: நீங்கள் அமெரிக்கர் பக்கம் சாய்கிறீர்கள். 1948ல் எம்.52ன் மாதிரி ராக்கெட் மாக் 1.38, அதாவது ஒலியைப்போல் 1.38 மடங்கு வேகம், தொட்டதே? விமானமும் பறந்திருக்கும்தானே?

நான் யார் பக்கமும் இல்லை. மாதிரி பறந்தது வடிவம் சரி என்பதற்கு ஆதாரம், ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து முழு விமானமும் பறந்திருக்கும் என்று சொல்ல முடியாது. காரணம் இன்ஜின். பிரிட்டிஷ் ஜெட் முன்னோடி விட்டிலின் டபிள்யூ.2/700 இன்ஜினுக்குப் பின்னால் கூடுதல் விசிறியும் அதற்கும் பின்னால் எரிபொருள் தெளித்து எரிப்பதும் சேர வேண்டும். அந்தக் கூட்டணி எந்த விமானத்திலும் நிரூபிக்கப்படாதது. வால் சரி, இறக்கை சரி, தள்ளுவதற்கு ஆள்? ஹேங்கரில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன், முடியும் நிலையில் இருந்த விமானம் என்பதும் பறந்த விமானம் என்பதும் ஒன்றல்ல. கடைசிப் பத்து சதவீதத்துக்குத்தான் பாதி நேரம் போகும். இவ்வளவும் சொன்ன பிறகு, ரத்து செய்தது முட்டாள்தனம் என்றுதான் நானும் நினைக்கிறேன். ராக்கெட் மாதிரிகளுக்குச் செலவழித்த காசில் ஒரு விமானத்தை முடித்துப் பார்த்திருக்கலாம்.

ஒலிவேகம்: அப்படியென்றால்...

போதும். இன்னும் நிறையப் பேர் காத்திருக்கிறார்கள்.

அம்மாவின் பயம்: சின்னக் கம்பெனி விமானத்தில் மகனைப் பயிற்சிக்கு அனுப்புகிறேன். பாதுகாப்பா?

அம்மா, கம்பெனியின் அளவில் பாதுகாப்பு இல்லை, பராமரிப்பில் இருக்கிறது. செக் நாட்டின் பிளானிக் என்ற இன்ஜின் இல்லாத கிளைடர் 1950களிலிருந்து உலகமே நம்பி ஓட்டியது. 2010ல் ஆஸ்திரியாவில் ஒன்றின் இறக்கை உலோகச் சோர்வால் கழன்றது, உடனே உலகம் முழுவதும் தரையிறக்கினார்கள். அறிவிப்பு வெளியிட ஆள் இருந்ததால்தான் அது நடந்தது. பயிற்சிப் பள்ளிக்குப் போய், பராமரிப்பு வேலைகளைப் பதியும் லாக்புக்கைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேறு பள்ளி பாருங்கள்.

பழையவண்டி: வெளிநாட்டில் பழைய விமானம் கார் விலைக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

டைப் சர்டிபிகேட் யார் கையில்? உதிரிபாகம் எங்கே? இரண்டுக்கும் பதில் தெரியாமல் வாங்காதீர்கள். என் வேலைக்காலத்தில் செத்துப்போன ஒரு கம்பெனியின் விமானம் எங்கள் ஹேங்கரில் நின்றது, பெயர் வேண்டாம். எரிபொருள் தொட்டியை மாற்றும் வால்வுக்குள் இருக்கும் ஒரு சின்னப் பாகம் தேய்ந்துவிட்டது. பட்டறையில் ஒரே நாளில் கடைந்து தருவார்கள், ஆனால் போடக்கூடாது, சான்று வேண்டும். ஏழு மாதம் நின்றது. டயருக்கடியில் புல் முளைத்தது.

யாழ் வாசகர்: ஸ்லின் 143 எந்த நாட்டுத் தயாரிப்பு? 2007ல் எங்கள் பக்கம் அதிகம் அடிபட்ட பெயர்.

செக் நாடு, ஒட்ரோகோவிட்சே. நான்கு இருக்கை சிவில் விமானம், பயிற்சிக்கும் சுற்றுலாவுக்கும் செய்தது. புலிகள் அதை என்ன செய்தார்கள் என்பது இந்த இடத்துக்கான பேச்சு இல்லை, மன்னியுங்கள். ஆனால் கம்பெனியைத் தொடங்கியது யார் தெரியுமா? நாம் பள்ளிக்குப் போட்டுப்போன பாட்டா செருப்புக்காரர்கள்தான்! நிறுவனர் தோமாஷ் பாட்டா 1932ல் விமான விபத்தில் இறந்தார். இரண்டே வருடத்தில், 1934ல், அதே ஒட்ரோகோவிட்சேயில் பாட்டா குடும்பம் விமானக் கம்பெனி ஆரம்பித்தது. 1960ல் நடந்த முதல் உலக வான்சாகசப் போட்டியை ஸ்லின் விமானம்தான் வென்றது.

மாணவி, திருச்சி: விமானம் செய்வதை விட்டுவிட்டு வேறு தொழிலில் ஜெயித்த கம்பெனி உண்டா?

நல்ல கேள்வி அம்மா, இன்று வந்தவற்றில் உருப்படியானது. மார்ட்டின்-பேக்கர். ஜேம்ஸ் மார்ட்டினும் விமானி வாலன்டைன் பேக்கரும் 1934ல் சேர்ந்து தொடங்கியது. 1942 செப்டம்பரில் தங்கள் எம்.பி.3 விமானத்தைச் சோதிக்கும்போது இன்ஜின் நின்று பேக்கர் இறந்தார். நண்பரின் சாவு மார்ட்டினை அப்படியே திருப்பிவிட்டது. விமானியை எப்படி உயிரோடு வெளியே எடுப்பது என்பதே வேலையாகிவிட்டது. எம்.பி.5 என்று அருமையான விமானம் ஒன்று 1944ல் செய்தார்கள், யாரும் வாங்கவில்லை. 1946 ஜூலை 24ல் பெர்னார்ட் லின்ச் என்ற ஊழியர் பறக்கும் மீட்டியர் விமானத்திலிருந்து இருக்கையோடு வெளியே வீசப்பட்டு நலமாக இறங்கினார். அந்தக் கம்பெனியின் இருக்கைகள் இதுவரை 7,700க்கும் மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கின்றன. தேஜஸில் இருப்பதும் அவர்களுடையதுதான்.

பெற்றோர்: ஏரோநாட்டிகல் சேர்க்கலாமா சார்?

முதல் பத்தி.

வேகன்: போயிங் 787 பற்றி...

இல்லை.

பைக்பிரியன் 2: மைலேஜ்?

மேலே இருக்கிறது. வகுத்தும் தருகிறேன், லிட்டருக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இனி கேட்பவர் சொந்தமாக வகுத்துக்கொள்ளவும்.

பாராசூட்: சிரஸ் விமானம்?

விஸ்கான்சினில் அண்ணன் தம்பி இருவர் மாட்டுக்கொட்டகையில் தொடங்கியது, முழு விமானத்துக்கும் பாராசூட் வைத்தது, 2011லிருந்து சீனர் கையில். இப்போது சின்னக் கம்பெனி இல்லை, அதனால் இத்தோடு விடுகிறேன்.

பழையவண்டி: சார், ஏழு மாதம் நின்ற விமானத்துக்கு அந்தப் பாகம் கடைசியில் எப்படிக் கிடைத்தது?

வேறொரு நாட்டில் பறப்பதை நிறுத்தி ஓரங்கட்டிய அதே வகை விமானம் ஒன்றிலிருந்து கழற்றி, சோதித்து, சான்றிதழோடு அனுப்பினார்கள். பாகம் உள்ளங்கையில் அடங்கியது. கூட வந்த காகிதங்களுக்குத் தனி ஃபைல் வாங்க வேண்டியிருந்தது.